பனிச்சரிவு: காரணமும் காப்பும்

பனி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவில் எழுவது மார்கழி மாதத்து விடியற்காலையே. வேலியோரத்துப் புல்நுனியில் தங்கி, ஞாயிறு எழுந்து சற்று நேரத்தில் மறைந்துபோகும் நீர்த்துளியையே நாம் பனி என்கிறோம். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்து, அவற்றுள் இரண்டினை முன்பனி, பின்பனி என வழங்கியதும் இப்பனியைக் கருதியே. குளிர்நாடுகளின் பனியோ வேறு. மேகத்தினின்று பளிங்குத் துகள்களாய் இறங்கி, நிலத்திற் படிந்து, மாதக்கணக்காகக் கிடந்து, ஆளுயரத்துக்கும் மேலாக வளர்வது அது. இக்கட்டுரையில் அதனை வெண்பனி என வழங்குவாம். அவ்வெண்பனி மலைச்சாரலினின்று பெருந்திரளாகப் பெயர்ந்து கீழ்நோக்கிப் பாய்வதே பனிச்சரிவு எனப்படும்.

"வெண்பனியே பெய்யாத நாட்டினர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு?" எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி, இமயத்துக்கு அப்பாலுள்ள சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திற் காவல் புரிந்த மதராசு ரெஜிமெந்து வீரர் பதின்மர் பனிச்சரிவிற் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாட்களின் பின்னர் ஒருவர் மட்டும் உயிரோடு எடுக்கப்பட்டார்; அவரும் 11ஆந் திகதி இறந்தார். இது ஒன்று. மற்றொன்று, நம் கல்லூரியிற் பயின்றவர் பலர் இன்று கனடாவிலும் சுவிற்சலாந்திலும் நோர்வேயிலும் குடிகொண்டுள்ளனர். நம் பிள்ளைகள் விடுமுறையிற் கீரிமலைக் கேணிக்குச் செல்வதுபோல், அவர்தம் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகைகளுடன் மலைக்குச் செல்கின்றனர். ஆதலின் இப்பொருள் நமக்கு அயலானதன்று.

பனிச்சரிவு இருவகைப்படும். பிணைப்பில்லாத துகள்கள் ஓரிடத்தில் நழுவத் தொடங்கி, கீழே செல்லச் செல்ல விரிந்து பாய்வது ஒருவகை. உப்பளத்திற் குவித்த உப்பின் பக்கம் சரிவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். மற்றையது பலகைச் சரிவு. சாரலின் ஒரு பெரும் பகுதி முழுவதும் ஒரே கணத்திற் பலகைபோல வெடித்துப் பெயர்ந்து வருவது அது. மலைக்குச் செல்வோரைக் கொல்வது பெரும்பாலும் இப்பலகைச் சரிவே. ஆதலின் அதனையே ஈண்டு விரித்து நோக்குவாம்.

மாணவர் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒரு தட்டிலே சீனியைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு பலகையை வைத்து, தட்டினை மெல்லமெல்லச் சாய்த்துப் பார்க்க. ஓரளவு வரை பலகை அசையாது நிற்கும். பின்னர் ஒருங்கே வழுக்கி விழும். பலகையின் உறுதி அதனைக் காக்கவில்லை. அடியிற் கிடந்த சீனியின் உறுதியின்மையே அதனை வீழ்த்தியது. மலையிலும் இதுவே நிகழ்கின்றது. மேலே இறுகிய ஓர் அடுக்கு, கீழே பிணைப்பற்ற ஓர் அடுக்கு, சாய்ந்த நிலம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில், சிறு தூண்டுதல் ஒன்றே வேண்டப்படுவது. ஒரு மனிதனின் நிறை அதற்குப் போதும். உயிர்கவர்ந்த சரிவுகளுட் பத்தில் ஒன்பது, சிக்கியவராலோ அவர் கூட்டத்தினராலோ தூண்டப்பட்டவை எனக் கணக்கிட்டோர் கூறுவர்.

பெயரும் பனியின் நிறையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. 50 மீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமும் அரை மீற்றர் தடிப்பும் உள்ள பலகை ஒன்று 1,250 கன மீற்றர் கொள்ளளவுடையது. கன மீற்றர் ஒன்று 200 கிலோகிராம் எனக் கொண்டால், அதன் மொத்த நிறை 250 தொன். இதுவும் சிறிய சரிவே. பெருஞ்சரிவுகள் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தையும் கடந்து பாய்வன.

அடியிலுள்ள அடுக்கு பிணைப்பற்றதாதல் எவ்வாறு? இங்கேதான் பொருள் நுட்பமாகின்றது. வெண்பனி விழுந்தபடியே கிடப்பதன்று; விழுந்த நாள் தொட்டு மாறிக்கொண்டே இருப்பது. ஒரு மாரிக்காலத்தில் எத்தனை முறை பனி பெய்ததோ அத்தனை அடுக்குகள் ஒன்றன்மேலொன்றாய்க் கிடக்கும். மாறுதல் நல்வழியிற் செல்லின் துகள்கள் உருண்டு, ஒன்றையொன்று தொட்ட இடங்களிற் கழுத்துப்போன்ற பிணைப்புகள் தோன்றி, அடுக்கு உறுதிபெறும். தீய வழியிற் செல்லின் துகள்கள் பட்டை தீட்டியன போன்ற பளிங்குகளாய் வளர்ந்து, சீனிபோலக் கலகலத்துவிடும்.

எவ்வழியிற் செல்லும் என்பதை உறுதிசெய்வது வெப்பநிலை வேற்றுமை. நிலத்தை ஒட்டிய பனி பெரும்பாலும் 0 பாகை செல்சியசை அண்மியிருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும். அடியிலிருந்து நீராவி மேல்நோக்கிச் சென்று, குளிர்ந்த துகள்களிற் படிந்து அவற்றை மாற்றும். 10 சென்ரிமீற்றருக்கு 1 பாகை என்னும் அளவை வேற்றுமை மிஞ்சுமாயின் பட்டைப் பளிங்குகள் தோன்றும் என்பது பொதுவிதி. பனி 3 மீற்றர் ஆழமாயின் 20 பாகை வேற்றுமை அவ்வாழம் முழுவதும் பரந்து, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு பாகையிலும் குறையும். பனி அரை மீற்றரேயாயின், அதே 20 பாகை 10 சென்ரிமீற்றருக்கு 4 பாகையாகிவிடும். ஆகவே பனி குறைவாகப் பெய்து, வானம் தெளிந்து, குளிர் நெடுநாள் நிலைத்த ஆண்டே பின்னர் வரும் பனிக்குத் தீய அடித்தளம் இடுகின்றது. பனி குறைவு, ஆதலின் அபாயமும் குறைவு என எண்ணுவோர் ஏமாறுவது இதனாலேயே.

வேறொரு வழியும் உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் நம் முற்றத்துப் புல்லிற் பனித்துளி படிவது போலவே, அங்கே வெண்பனியின் மேற்பரப்பிலும் காற்றின் ஈரம் படியும். ஆயின் துளியாகாது, இறகுபோன்ற மெல்லிய பளிங்குகளாய்ப் படியும். காலைவெயிலில் அவை மின்னும் அழகைக் கண்டோர் மறவார். அவ்விறகுகள் குலையாதிருக்க, அடுத்த பனி அவற்றின் மேற் பெய்துவிடின், அவ்வழகே புதையுண்ட அபாயமாகின்றது. இனி, பனியின் மேல் மழை பெய்து உறைந்து வழுக்கும் ஓடாதலும், அவ்வோட்டை ஒட்டிப் பட்டைப் பளிங்குகள் வளர்தலும் உண்டு. இவ்வடுக்குகள் கண்ணுக்குத் தெரியாமற் கிழமைக்கணக்காக, ஏன், மாதக்கணக்காகவும் கிடக்கும்.

மேலே பலகையை அமைப்பது புதுப்பனியும் காற்றும். காற்று, தான் வீசும் பக்கத்துப் பனியை வாரி, மலைமுகட்டின் மறுபக்கத்திற் குவிக்கும். அங்கே பெய்ததினும் பன்மடங்கு பனி சேரும். வெப்பம் விரைந்து ஏறுதலும், மழை பெய்தலும் பலகையைத் தளரச் செய்வன. சாரலின் சாய்வும் கருதத்தக்கது. பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே தொடங்குகின்றன. நம் மாடிவீட்டுப் படிக்கட்டின் சாய்வும் ஏறத்தாழ இவ்வளவினதே. மிகச் செங்குத்தான பாறையிற் பனி தங்காது உதிர்ந்துகொண்டே இருக்கும். மிகத் தாழ்ந்த சாய்விலோ பெயராது. பனிச்சறுக்குக்கு இனிமையான சாய்வும் சரிவுக்கு ஏற்ற சாய்வும் ஒன்றாயிருத்தல் இம்மலைகளின் கொடுமை. மேலும், தான் நிற்கும் இடம் சமதரையாயினும் அதற்கு மேலே சாரல் உண்டாயின், அங்கிருந்து பெயர்ந்தது இங்கே வந்து சேரும் என்பதையும் மறத்தலாகாது.

மலைவாழ்நர் இதனைப் பண்டே அறிந்திருந்தனர். சுவிற்சலாந்திலுள்ள அந்தர்மாத் என்னும் ஊரார், தம் ஊருக்கு மேலுள்ள காட்டில் மரம் வெட்டலாகாது என 1397ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தனர். அக்காடே பனிச்சரிவினின்று ஊரைக் காக்கும் வேலி. ஆராய்ச்சி முறையிற் கற்கத் தொடங்கியது பிற்காலத்தில். 1936இல் அந்நாட்டுத் தாவோசு நகருக்கு மேலுள்ள வைசுபுளூயோக் மலையிற் சிறு குடிலொன்றில் ஆராய்ச்சியாளர் சிலர் வெண்பனியை அடுக்கடுக்காக ஆராய்ந்தனர். அதுவே பின்னர்ப் பெரும் ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1950-51ஆம் ஆண்டு மாரியிற் சுவிற்சலாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் இறந்தமை, இக்கல்வியின் இன்றியமையாமையை எல்லார்க்கும் உணர்த்தியது.

ஆராயும் முறை எளிது. பனியிற் குழி வெட்டி, அதன் சுவரிலே அடுக்குகளைப் பார்ப்பர். ஒவ்வோர் அடுக்கிலும் கைமுட்டி புகுமா, நான்கு விரல் புகுமா, ஒரு விரல் புகுமா, பென்சில் புகுமா, கத்தி மட்டுமே புகுமா எனத் தொட்டுப் பார்த்து வன்மையை அளப்பர். பின்னர் 30 சென்ரிமீற்றர்ச் சதுரமான ஒரு தூணை வெட்டி நிறுத்தி, அதன் தலையிற் சவளின் இலையை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து முறையும், முழங்கையை அசைத்துப் பத்து முறையும், தோளிலிருந்து பத்து முறையும் தட்டுவர். எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில், எவ்வாறு முறிகின்றது என்பதே விடை. இவ்வாறு பல இடங்களிற் கண்டவற்றையும் வானிலையையும் இணைத்து நாள்தோறும் அறிக்கை வெளியிடுவர். ஐரோப்பிய நாடுகள் 1993இல் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்தன: குறைவு, நடுத்தரம், கணிசம், அதிகம், மிக அதிகம் என்பன அவை. நான்காம் ஐந்தாம் படிகளில் எவரும் அஞ்சி வீட்டில் இருப்பர். மிகப் பலர் இறப்பது மூன்றாம் படியில். "கணிசம்" என்னும் சொல் செவிக்கு மென்மையாயிருப்பினும், ஒருவரது நிறையே சாரலைப் பெயர்க்கக்கூடும் என்பது அதன் பொருள்.

இவை யாவும் அறிந்திருந்தும் நிகழ்ந்த ஒரு துயரை ஈண்டுக் கூறல் வேண்டும். இது கல்லூரி மலர் ஆதலின். 2003ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக் கல்லூரி ஒன்றின் பத்தாம் வகுப்பு மாணவர் பதினால்வர், பெரியோர் மூவருடன், பிரித்தானிய கொலம்பியாவிலுள்ள றொஜேர்சு கணவாய்க்கு அருகே பனிச்சறுக்குப் பயணம் சென்றனர். ஆண்டுதோறும் அக்கல்லூரியார் இத்தகைய பயணம் செல்வது வழக்கம். மாணவர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது; தேடுகருவிகளும் அவர்களிடம் இருந்தன. அன்று காலை அறிக்கையும் பார்க்கப்பட்டது: உயர்மலைப் பகுதிக்கு அபாயம் "கணிசம்", கீழே அதனிற் குறைவு. அவர்கள் சென்றதோ பள்ளத்தாக்கின் வழியே. பலரும் செல்லும் பாதை அது.

ஆயின் அம்மலைகளின் பனியினுள்ளே, முந்திய நவம்பரிற் பெய்த மழை உறைந்து ஆகிய ஓடும், அதனை ஒட்டி வளர்ந்த பட்டைப் பளிங்குகளும் இரண்டு மாதத்துக்கு மேலாகப் புதைந்து கிடந்தன. நண்பகலுக்குச் சற்று முன்னர், சியொப்சு மலையின் வடபுறத்து உயர்ந்த சாரலில் அவ்வடுக்கு முறிந்தது. அவர்களுள் எவரும் அச்சாரலை மிதிக்கவில்லை. சரிவு தானே தொடங்கி, பள்ளத்தாக்கின் அடிவரை பாய்ந்து வந்தது. அவ்வழியே முன்னர்ச் சென்ற மலைவழிகாட்டிகள் இருவர் அதனைக் கண்டு கூவி எச்சரித்தனர். பின்னர் விரைந்து இறங்கி வந்து தோண்டத் தொடங்கினர். அவர்களால் உயிர் பிழைத்தோர் பலர். எனினும் மாணவர் எழுவர் இறந்தனர். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர், அதே மலைத்தொகுதியில் வேறொரு சரிவில் எழுவர் இறந்திருந்தனர். அம்மாரியிற் கனடாவிற் பனிச்சரிவால் இறந்தோர் 29 பேர்.

புதையுண்டவனுக்குக் காலமே உயிர். பாயும்போது நீர்போல ஓடிய பனி, நின்றவுடன் சீமெந்துபோல இறுகிவிடும். விரலை அசைத்தலும் அரிது. வாயருகே மூச்சின் ஈரம் உறைந்து, காற்றை மறைக்கும். பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டோரிற் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி நேரம் கழியின் மூன்றில் ஒரு பங்கினரே பிழைக்கின்றனர். மீட்புப் படை தொலைவிலிருந்து வருமுன் இக்காலம் கழிந்துவிடும். ஆதலின் உடன் சென்றோரே மீட்போர். அதற்கென ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைக் கொண்டு செல்லல் வேண்டும்: புதையுண்டவரது இடத்தை ஒலிக்குறியால் உணர்த்தும் சிறு வானொலிக் கருவி, பனியிற் குத்தித் தேடும் நெடுங்கோல், தோண்டுதற்குச் சவள். இம்மூன்றையும் பையில் வைத்திருத்தல் போதாது. பயன்படுத்தப் பழகியிருத்தலும் வேண்டும். அதனினும் சிறந்தது அவை வேண்டப்படாத வழியிற் செல்லுதல்.

அவ்வாறு செல்லுதற்கு இயற்கை தானே அறிகுறிகள் தருகின்றது. அண்மையிற் சரிந்த தடங்கள் எதிர்ச்சாரலிற் காணப்படுதல், காலடி வைக்கையிற் பனி "ஊம்" என்னும் ஒலியுடன் தாழ்தல், பாதத்திலிருந்து வெடிப்பு நீண்டு ஓடுதல், ஓரிரு நாட்களிற் பெருமளவு பனி பெய்திருத்தல், வன்காற்று வீசியிருத்தல், வெப்பம் திடீரென ஏறுதல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், செங்குத்தான சாரலையும் அதன் அடிவாரத்தையும் விட்டு விலகல் வேண்டும். ஐயத்துக்குரிய இடத்தைக் கடந்தே ஆக வேண்டுமெனின் ஒருவர் ஒருவராகக் கடத்தல் வேண்டும். ஏனையோர் காப்பான இடத்தில் நின்று பார்த்திருத்தல் வேண்டும்.

இத்தனையும் அறிந்தோரே பிழைபடுவது ஏன்? நேற்றுச் சென்று தீதின்றித் திரும்பிய பாதை இன்றும் தீதற்றது என மனம் நம்புகின்றது. முன்னே ஒருவர் சென்ற தடம் கண்டால் துணிவு பிறக்கின்றது. நெடுந்தூரம் வந்தபின் வெறுங்கையோடு திரும்ப மனம் ஒவ்வுவதில்லை. புதையுண்ட அடுக்கோ இவற்றுள் எதனையும் அறியாது. 2003ஆம் ஆண்டுத் துயரின் பின்னர்க் கனடா நாட்டார் தனியொருவரது துணிவை நம்பியிராது விதிகளை வகுத்தனர். 2004இற் பனிச்சரிவுக்கென நாடளாவிய நிலையம் ஒன்று அமைந்தது. தேசிய பூங்காக்களின் மலைப்பாதைகள் எளியன, கடினமானவை, மிகச் சிக்கலானவை என வகுக்கப்பட்டன. மாணவர் கூட்டங்கள் இரண்டாம் வகைப் பாதையிற் சான்றிதழ் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே செல்லலாம், மூன்றாம் வகையிற் செல்லவே ஆகாது என்பது விதியாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் முப்பதின்மரை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றேன். இரண்டாம் நாள் நீர்வீழ்ச்சி ஒன்றைக் காண்பதாக இருந்தது. முந்திய இரவு முழுவதும் மழை பெய்தது. காலையில் மழை விட்டிருந்தது, வெயிலும் எறித்தது. எனினும் பாதையின் மேற்புறத்து மண்திட்டில் விரலளவு வெடிப்பொன்றைக் கண்டு, பேருந்தைத் திருப்புமாறு கூறினேன். மாணவர் முகம் வாடினர். "சேர், மழை விட்டிட்டுதுதானே" என்று ஒருவன் சொன்னான். அன்று அவ்விடத்தில் யாதொன்றும் நிகழவில்லை என்றே பின்னர் அறிந்தேன். வீணே அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுத்தேனோ என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. கனடா மாணவர் எழுவரது செய்தியை விரிவாக வாசித்தபின் அவ்வையம் நீங்கியது. திரும்பி வந்ததன் நன்மைக்குச் சான்று கிடைப்பதேயில்லை. திரும்பாமையின் தீமைக்கே சான்று கிடைக்கும்.

வெண்பனி மாரிக்காலம் முழுவதும் பெய்த பனியையும் மழையையும், அடித்த காற்றையும், காய்ந்த குளிரையும் அடுக்கடுக்காகத் தன்னுள் வைத்திருப்பது. மேலே தோன்றும் வெண்மையை மட்டும் நோக்குவோர்க்கு அஃது ஒன்றும் உணர்த்தாது. குழி வெட்டிப் பார்ப்போர்க்கும், அறிக்கையைக் கருத்தூன்றி வாசிப்போர்க்கும், ஐயம் தோன்றியவிடத்துத் திரும்ப நாணாதோர்க்கும் அது வேண்டிய அளவு உணர்த்தும். குளிர்நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர், மலைக்குப் புறப்படும் தம் பிள்ளைகளிடம், "அறிக்கை பார்த்தாயா? கருவி எடுத்தாயா? யாருடன் செல்கின்றாய்?" என்னும் மூன்று வினாக்களையேனும் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவுறும்.